ஆண் இனப்பெருக்க மண்டலத்தின் உடலமைப்பும் திசு அமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், செவிலியம் பயிலும் மாணவர்கள் கேட்பவையும், மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு மற்றவர்கள் மனத்துக்குள் வைத்திருப்பவையும் இங்கே சேர்த்துத் தரப்பட்டுள்ளன. இந்த மண்டலத்தின் பெரும்பகுதி, இடத்துக்கு இடம் சுவர் மாறிக்கொண்டே போகும் ஒரு நீண்ட குழல்தான். அந்தச் சுவரின் உட்பரப்பில் எவ்வகைச் செல்கள் இருக்கின்றன, அதைச் சுற்றி எவ்வளவு தசை இருக்கிறது என்று பார்த்தாலே அங்கே நடக்கும் வேலை விளங்கிவிடும். நோயாளி சொல்லும் தொல்லைக்கான காரணமும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

விந்தணு உருவாகும் இடத்திலிருந்து உடலை விட்டு வெளியேறும் வரை எந்த வழியாகச் செல்கிறது?

விந்தகத்தின் விந்து நுண்குழல்களில் உருவாகும் விந்தணுக்கள் நேர்குழல்கள் வழியாக விந்தக வலையை அடைந்து, அங்கிருந்து 12 முதல் 20 வரையிலான சிறு வெளிச்செல் குழல்கள் மூலம் எபிடிடைமிஸ் என்னும் சுருள்குழலுக்குள் சேர்கின்றன. எபிடிடைமிஸின் வால்பகுதி அப்படியே விந்து நாளமாகத் தொடர்கிறது. அந்த நாளம் விதைப்பையிலிருந்து தொடையிடுக்குக் கால்வாய் வழியே வயிற்றுக்குள் ஏறி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாயைக் குறுக்கே கடந்து, சிறுநீர்ப்பையின் பின்புறம் இறங்கி, விந்துப்பையின் குழலோடு இணைகிறது. இணைந்த குழலுக்கு விந்து பீச்சு நாளம் என்று பெயர். ஏறத்தாழ 2 செ.மீ. நீளமுள்ள இந்த நாளம் புராஸ்டேட் சுரப்பியைத் துளைத்துச் சென்று சிறுநீர் வடிகுழாயில் திறக்கிறது. அதற்குப் பிறகு சிறுநீருக்கும் விந்துக்கும் ஒரே பாதைதான். விந்து வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி இறுக மூடிக்கொள்வதால் இரண்டும் கலப்பதில்லை.

இத்தனை முக்கியமான விந்தகம் ஏன் பாதுகாப்பில்லாமல் உடலுக்கு வெளியே தொங்குகிறது?

விந்தணு உற்பத்திக்கு உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குறைந்த வெப்பம் தேவைப்படுகிறது. கருவில் விந்தகம் உருவாவது சிறுநீரகத்துக்கு அருகே, வயிற்றின் பின்சுவரில்தான். அங்கிருந்து அது கீழிறங்கி, ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் தொடையிடுக்குக் கால்வாயைக் கடந்து, பிறப்பதற்குள் விதைப்பையை வந்தடைகிறது. இறங்கும்போது தனது இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் நிணநீர்க் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை இந்த ஒரு செய்தியில் இருப்பதால், மாணவர்கள் இதை ஆழப் பதித்துக்கொள்வது நல்லது.

வெப்பத்தைக் குறைத்து வைக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. விதைப்பைத் தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை. கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் டார்ட்டாஸ் என்னும் மென்தசை படர்ந்திருக்கிறது. குளிரில் அது சுருங்குவதால்தான் தோலில் சுருக்கங்கள் விழுகின்றன. கிரிமாஸ்டர் தசை விந்தகத்தை உடலை நோக்கி மேலே இழுக்கவும் தளர்த்திக் கீழே விடவும் செய்கிறது. மூன்றாவதுதான் நுட்பமானது: கீழே வரும் தமனியைச் சுற்றிலும் மேலே போகும் சிரைகள் வலைபோலப் பின்னிக்கிடக்கின்றன. தமனியின் சூடான இரத்தம், சிரைகளில் திரும்பும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டே விந்தகத்துக்குள் நுழைகிறது.

நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்குப் பிறக்கும்போது ஒரு விந்தகமாவது இறங்கியிருக்காது. குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிட வாய்ப்புண்டு; ஆறு மாதம் கடந்தும் இறங்காவிட்டால் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வழக்கமாக ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிடுவார்கள். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதலை நம்பிப் பள்ளிப் பருவம் வரை காத்திருப்பது, விந்தணு உற்பத்தியைப் பாதிப்பதோடு பிற்காலத்தில் புற்றுநோய்க்கான வாய்ப்பையும் கூட்டும்.

ஒரு விந்தகம் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது குறைபாடா?

இல்லை. பெரும்பாலானோருக்கு இடப்புறம் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.

இடப்பக்கம் மட்டும் நரம்பு சுருண்டதுபோல் தட்டுப்படுகிறதே, அது என்ன?

பேச்சுவழக்கில் நரம்பு என்று சொன்னாலும் அவை சிரைகள். மேலே சொன்ன சிரை வலை புடைத்து வீங்குவதை வெரிகோசீல் என்பார்கள். ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் இது காணப்படுகிறது. வலது விந்தகச் சிரை சாய்வாகச் சென்று கீழ்ப் பெருஞ்சிரையில் நேரடியாகச் சேர்கிறது. இடது சிரையோ இன்னும் மேலே ஏறி, இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாக முட்டிச் சேர்கிறது. இரத்தம் தேங்குவதற்கு இடப்பக்கம் வாய்ப்பு அதிகமாக இருப்பதற்கு இந்த வேறுபாடே முக்கியக் காரணம். பலருக்கு இதற்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. ஆனால் வலப்பக்கம் மட்டும் திடீரெனத் தோன்றினாலோ, படுத்தாலும் வீக்கம் வடியாவிட்டாலோ வயிற்றுக்குள் எங்கேனும் சிரை அழுத்தப்படுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

விந்தகத்தை நெடுக்காக வெட்டினால் உள்ளே என்ன தெரியும்?

வளர்ந்த ஆணின் விந்தகம் 4 முதல் 5 செ.மீ. நீளமுள்ள, முட்டை வடிவ உறுப்பு. அதன் முன்புறத்தையும் பக்கங்களையும் வழவழப்பான இரட்டைப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. கீழிறங்கும் பாதையில் வயிற்றறையின் உள்ளுறையிலிருந்து விந்தகம் பெற்றுக்கொண்ட துண்டு இது. இதன் இரு அடுக்குகளுக்கிடையே நீர் கோத்துக்கொள்வதுதான் விரைவீக்கம். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்கள் விதைப்பையின் நிணநீர்க் குழாய்களில் குடியேறுவதால், அந்நோய் பரவியிருந்த ஊர்களில் காலில் வீக்கமே இல்லாத ஆண்களிடமும் விரைவீக்கம் காணப்பட்டது.

அதற்கு உள்ளே இருக்கும் வெண்ணிற நாருறை தடிப்பானது, எளிதில் நீட்சி அடையாதது. பொன்னுக்கு வீங்கி நோய் பருவமடைந்த பின் வந்து விந்தகத்தைத் தாக்கினால் தாங்க முடியாத வலி ஏற்படுவதற்கு இந்த உறை விட்டுக்கொடுக்காததே காரணம். உள்ளே வீங்கும் திசு வெளியே விரிய இடமின்றி நசுங்குகிறது. நுண்குழல்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போகவும் கூடும்.

நாருறை பின்புறத்தில் தடித்து உள்நோக்கிப் புகுந்து, அங்கிருந்து மெல்லிய தடுப்புச் சுவர்களாகப் பிரிந்து விந்தகத்தை ஏறத்தாழ 250 சிறு அறைகளாக்குகிறது. ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் நான்கு நுண்குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. ஒரு நுண்குழலின் நீளம் 30 முதல் 70 செ.மீ., விட்டம் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குக்கும் குறைவு. ஒரே விந்தகத்தின் குழல்களை எல்லாம் பிரித்து நீட்டி ஒட்டினால் ஏறத்தாழ 250 மீட்டர் வரும்.

நுண்ணோக்கியில் விந்து நுண்குழலை எப்படிப் படிக்க வேண்டும்?

வெளியிலிருந்து உள்ளாக, வரிசையாகப் பார்த்துப் பழகுங்கள். குழலின் விளிம்பில் அடிச்சவ்வும், அதற்கு வெளியே சுருங்கும் தன்மையுள்ள தட்டையான தசைவகைச் செல்களும் இருக்கும். உருவாகும் விந்தணுவுக்கு அந்த நிலையில் நீந்தத் தெரியாது. இந்தச் செல்களின் மெல்லிய சுருக்கமும் குழலில் சுரக்கும் திரவமும் சேர்ந்துதான் அதை முன்னே தள்ளுகின்றன.

அடிச்சவ்வின் மேல் அமர்ந்திருப்பவை விந்துத் தாய்ச்செல்கள். இவை சாதாரணப் பகுப்பின் மூலம் தம்மைப் பெருக்கிக்கொண்டே இருப்பதால்தான் ஆணின் விந்தணு உற்பத்தி முதுமை வரை நீடிக்கிறது. சற்று உள்ளே, பெரிய உட்கருவும் நூல்நூலாகத் தெரியும் குரோமோசோம்களும் கொண்ட முதல்நிலை விந்துச் செல்கள் இருக்கும். ஸ்லைடில் கண்ணில் முதலில் படுபவை இவையே. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பின் முதல் கட்டம் பல நாட்கள் நீடிப்பதால் எந்தக் குழலிலும் இவை ஏராளமாகத் தென்படும். மாறாக, இரண்டாம்நிலை விந்துச் செல்கள் உருவான சில மணி நேரத்திலேயே மறுபடி பிரிந்துவிடுவதால் அவற்றைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். குழலின் உள்விளிம்பை நெருங்கும்போது வட்டமான சிறு செல்களாகத் தொடங்கும் இளம் விந்தணுக்கள், உட்கரு இறுகி, வால் முளைத்து, கூடுதல் சைட்டோபிளாசத்தை உதறிவிட்டு விந்தணு உருவம் பெறுகின்றன.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே, அடிச்சவ்விலிருந்து குழலின் உள்வெளி வரை நீண்டு நிற்பவை செர்டோலி செல்கள். இத்தாலியரான என்ரிகோ செர்டோலி 1865-இல் இவற்றை விவரித்தார். இவற்றின் எல்லைக்கோடு ஒளி நுண்ணோக்கியில் தெரியாது. வெளிறிய, ஒழுங்கற்ற வடிவுள்ள உட்கருவும் அதற்குள் எடுப்பாகத் தெரியும் நியூக்ளியோலசும்தான் அடையாளம். வளரும் செல்களைத் தாங்குவது, ஊட்டமளிப்பது, உதறப்பட்ட மிச்சங்களை விழுங்குவது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனின் கட்டளையை ஏற்பது, இன்ஹிபின் என்னும் ஹார்மோனைச் சுரந்து அந்தக் கட்டளையைத் தணிப்பது எல்லாமே இவற்றின் பொறுப்பு. அடுத்தடுத்த செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து இரத்த-விந்தகத் தடுப்பை உருவாக்குகின்றன. அது ஏன் வேண்டும்? உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் ‘இவை என்னுடையவை’ என்று தன் செல்களை அடையாளம் கண்டுகொள்வது குழந்தைப் பருவத்தில். குன்றல் பகுப்பில் பிறக்கும் செல்கள் முதன்முதலாகத் தோன்றுவதோ பருவ வயதில். தடுப்பு இல்லாவிட்டால் உடல் அவற்றை அந்நியராகக் கருதித் தாக்கிவிடும்.

மனித விந்தகத்தில் ஒரே குறுக்குவெட்டில் வெவ்வேறு வளர்ச்சிக் கட்டங்கள் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். எலியின் ஸ்லைடைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டு குழம்புவார்கள். இளஞ்சிவப்பு, ஊதாப் பென்சில்களால் ஏட்டில் வரையும்போது, எல்லா வகைச் செல்களையும் ஒரே குழலில் அழகாக அடுக்கி வரைவது மதிப்பெண் தரலாம். மெய்யான ஸ்லைடில் அப்படி ஒரு குழல் அகப்படுவது அரிது. இன்னொன்று: விந்தகத் திசுவை வழக்கமான ஃபார்மலினில் போட்டால் நுண்குழலின் செல்கள் சுருங்கி விலகிவிடும் என்பதால், ஆய்வுக்கு அனுப்பும் சிறு துண்டுகளை போவின் திரவம் என்னும் பதப்படுத்தும் கரைசலில் இடுவது நெடுங்கால வழக்கம்.

ஆண்மைக்குரிய ஹார்மோன் எங்கே சுரக்கிறது?

நுண்குழல்களுக்கு உள்ளே அன்று. அவற்றுக்கு இடைப்பட்ட இணைப்புத் திசுவில். ஃபிரான்ஸ் லெய்டிக் 1850-இல் விவரித்த லெய்டிக் செல்கள் அங்கே கொத்துக்கொத்தாக, இரத்த நுண்குழாய்களை ஒட்டி அமர்ந்திருக்கின்றன. அவற்றின் சைட்டோபிளாசம் கொழுப்புத் துளிகள் நிறைந்து வெளிறித் தோன்றும். மனிதரிடம் சிலவற்றில் ரெய்ன்கே படிகங்கள் என்னும் கோல்வடிவப் படிகங்களும் காணப்படும். பிட்யூட்டரி சுரப்பியின் எல்ஹெச் ஹார்மோன் தூண்ட, இவை டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து நேரே இரத்தத்தில் விடுகின்றன. ஆக, விந்தகத்துக்குள் இரு தொழில்கள் தனித்தனியே நடக்கின்றன. இந்தப் பிரிவினை புரியாததால்தான் விந்தணு எண்ணிக்கை குறைவு என்று அறிக்கை வந்தவுடன் தன் ஆண்மையே போய்விட்டதாகப் பலர் உடைந்துபோகிறார்கள். விந்தணு ஒன்றுகூட இல்லாதவரிடமும் லெய்டிக் செல்கள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கலாம்.

விந்தணு உருவாக எவ்வளவு காலம் ஆகிறது?

தாய்ச்செல் பிரியத் தொடங்கியதிலிருந்து விந்தணு குழலுக்குள் விடுபடும் வரை ஏறத்தாழ 74 நாட்கள். அதன்பின் எபிடிடைமிஸைக் கடக்க மேலும் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். கடுங்காய்ச்சல் கண்டு தேறியவருக்கு உடனே எடுக்கும் விந்துப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல், சில வாரங்கள் கழித்து எண்ணிக்கை சரிந்து காணப்படுவதும், சிகிச்சை தொடங்கியபின் மூன்று மாதம் பொறுத்தே மறுபரிசோதனைக்கு வரச்சொல்வதும் இந்தக் கணக்கினால்தான்.

எபிடிடைமிஸையும் விந்து நாளத்தையும் ஸ்லைடில் எப்படிப் பிரித்தறிவது?

எபிடிடைமிஸ் சில மீட்டர் நீளமுள்ள ஒரே குழல் மடங்கிச் சுருண்டு உண்டானது. ஆகவே ஒரே வெட்டில் பல வட்டங்கள் தெரியும். உட்பரப்பு சீரான வட்டமாக இருக்கும். உயரமான செல்களின் உச்சியில் நீண்ட, அசையாத நுண்விரலிகள் குஞ்சம்போல் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே விந்தணுக்கள் திரண்டு கிடக்கும். நுண்விரலிகள் திரவத்தை உறிஞ்சுவதற்கானவை. விந்தணு நீந்தும் திறனைப் பெறுவதும் இங்கேதான்.

எபிடிடைமிஸுக்கு முன்னுள்ள வெளிச்செல் குழல்களின் உள்விளிம்பு மேடுபள்ளமாக இருக்கும். அங்கே குறுயிழைகளோடு கூடிய உயரமான செல்களும் குட்டையான செல்களும் மாறிமாறி வருவதே காரணம். விந்தகத்திலிருந்து வரும் திரவத்தின் பெரும்பகுதி இவ்விடத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

விந்து நாளத்தில் எல்லாம் தலைகீழ். உள்வெளி குறுகியது, மடிப்புகள் கொண்டது. சுவரோ மிகத் தடிப்பானது. உள்ளே நீள்வாக்கிலும் நடுவே வட்டமாகவும் வெளியே மறுபடி நீள்வாக்கிலும் மூன்று அடுக்கு மென்தசை உண்டு. விந்து வெளியேறும் நொடியில் இந்தத் தசையே விந்தணுக்களை முன்னோக்கி உந்துகிறது. விதைப்பையின் மேற்பகுதியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உருட்டினால் கெட்டியான கயிறாகத் தட்டுப்படுவது இதுதான்.

வாசக்டமி என்னும் ஆண் கருத்தடை அறுவை செய்துகொண்டால் ஆண்மை குறையுமா? விந்தே வராதா?

அறுவையில் வெட்டிக் கட்டப்படுவது விந்து நாளம் மட்டுமே. நாளம் தோலுக்கு வெகு அருகில், கைக்குத் தட்டுப்படும் வகையில் இருப்பதால்தான் இதைச் சில நிமிடங்களில் முடிக்க முடிகிறது. சீனாவில் லி ஷுன்ச்சியாங் 1974-இல் உருவாக்கிய, கத்தியும் தையலும் தேவைப்படாத முறையைத்தான் நம் அரசு மருத்துவமனைகள் நவீன வாசக்டமி என்ற பெயரில் செய்துவருகின்றன. லெய்டிக் செல்களின் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தின் வழியே போவதால் நாளத்தை அடைப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விந்துத் திரவத்தில் விந்தகத்திலிருந்தும் எபிடிடைமிஸிலிருந்தும் வரும் பங்கு மிகச் சிறியது என்பதால் அளவிலும் வேறுபாடு தெரியாது. அதன்பின்னும் உருவாகும் விந்தணுக்களை உடல் சிதைத்து உட்கிரகித்துக்கொள்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெட்டிய இடத்துக்கு மேலே நாளத்தில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேறிமுடிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். விந்தணு இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகும் வரை வேறு கருத்தடை முறையைக் கைவிடக் கூடாது.

அப்படியானால் விந்துத் திரவம் எங்கிருந்துதான் வருகிறது?

மூன்றில் இரு பங்குக்கு மேல் விந்துப்பைகளிலிருந்து. ஒவ்வொன்றும் 5 செ.மீ. அளவுள்ள, மடங்கிய ஒற்றைக் குழல். உட்சுவரின் மடிப்புகள் மேலும் மடிந்து வலைக்கண்களாகத் தெரிவதால் ஸ்லைடில் இதை எளிதில் அடையாளம் காணலாம். இது விந்தணுவைச் சேமிக்கும் பை அன்று. விந்தணுவுக்கு எரிபொருளான ஃபிரக்டோஸையும் விந்தைக் கெட்டியாக்கும் புரதங்களையும் சுரக்கும் சுரப்பி. எஞ்சிய திரவத்தின் பெரும்பகுதி புராஸ்டேட்டிலிருந்து வருகிறது. வெளிவந்தவுடன் கூழாக உறையும் விந்து 15 முதல் 30 நிமிடங்களில் நீர்த்துவிடுவது, அச்சுரப்பியின் பிஎஸ்ஏ என்னும் நொதி அந்தப் புரதங்களை அறுப்பதால்தான். ஆய்வகத்தில் மாதிரியைச் சற்று நேரம் வைத்திருந்து பார்ப்பதும் இதற்காகவே. பட்டாணி அளவுள்ள இரு கௌப்பர் சுரப்பிகள் முன்னதாகவே வழவழப்பான நீரைச் சுரந்து பாதையைத் துடைத்து வைக்கின்றன.

புராஸ்டேட் வீக்கம் சிறுநீரை அடைக்கிறது. புற்றுநோயோ நெடுநாள் தெரியாமல் இருக்கிறது. ஏன்?

இடவேறுபாடுதான். இளவயதில் 20 கிராம் அளவிலுள்ள இச்சுரப்பி சிறுநீர் வடிகுழாயின் தொடக்கத்தைச் சுற்றி அமைந்துள்ளது. மென்தசையும் நாரும் கலந்த திசுவுக்குள் 30 முதல் 50 சுரப்பிகள் பதிந்திருக்கும்; வயதானவர்களின் ஸ்லைடில் அவற்றுக்குள் அடுக்கடுக்கான வட்டக் கற்கள் காணப்படும். வடிகுழாயை ஒட்டிய இடைநிலைப் பகுதி, சுரப்பித் திசுவில் 5 விழுக்காடே என்றாலும், முதுமையில் வரும் சாதாரண வீக்கம் அங்கேதான் தோன்றுகிறது. ஆகவே சிறிது வீங்கினாலும் சிறுநீர் தடைப்படுகிறது. புற்றுநோயில் பெரும்பங்கு, 70 விழுக்காடு இடத்தைப் பிடித்திருக்கும் புறப்பகுதியில் தொடங்குகிறது. அது வடிகுழாயிலிருந்து தள்ளி, மலக்குடலை ஒட்டி இருப்பதால் தொடக்கத்தில் சிறுநீர்த் தொல்லை தருவதில்லை. ஆனால் மருத்துவர் மலக்குடல் வழியே விரலால் தொட்டுப் பார்க்கும்போது கடினமான முடிச்சாகத் தட்டுப்படக்கூடும். அந்தச் சோதனையைக் கூச்சத்தால் மறுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்குறி விறைப்பது எலும்பாலா, தசையாலா?

இரண்டாலும் இல்லை. மனிதரின் ஆண்குறியில் எலும்பு கிடையாது. மேற்புறம் இரண்டும், வடிகுழாயைச் சூழ்ந்து அடியில் ஒன்றுமாக மூன்று விறைப்புத் திசுத் தூண்கள் உள்ளன. நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு மென்தசை தளர்ந்ததும், சுருண்ட தமனிகள் விரிந்து இரத்தம் திசுவின் குழிகளில் நிரம்புகிறது. நிரம்பிய குழிகள், வெளியேறும் சிரைகளைத் தடித்த நாருறையோடு சேர்த்து நசுக்குவதால் இரத்தம் உள்ளேயே தங்குகிறது. அடித்தூணைச் சுற்றிய உறை மெல்லியது; அதனால் வடிகுழாய் நசுங்காமல் திறந்திருக்கிறது. இரத்தக்குழாய்களின் நலனைச் சார்ந்த செயல் என்பதால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இங்கே முதலில் தம்மைக் காட்டிக்கொள்வது உண்டு. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாமல் இருந்தால் அது அவசர நிலை.

‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்கிறார்களே?

துறவிக்குச் சொன்னதைக் குடும்பத்தவனுக்குச் சொல்லிப் பயமுறுத்தி மருந்து விற்பவர்கள் அதிகம். நள்ளிரவுத் தொலைக்காட்சி விளம்பரங்கள் பலவும் இந்த அச்சத்தில்தான் ஓடுகின்றன. விந்து இரத்தத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகட்டிச் சேமிக்கப்படும் பொருள் அன்று. நுண்குழல்கள் நாள்தோறும் பல கோடி விந்தணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாதவை சிதைந்து உட்கிரகிக்கப்படுகின்றன அல்லது சிறுநீரோடு போகின்றன. ஒரு முறை வெளியேறும் சில மில்லிலிட்டர் திரவத்தில் பெரும்பகுதி நீர்தான். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயன்று.

எந்த அறிகுறிக்குக் காலதாமதம் கூடாது?

பதின்ம வயதுப் பையன் திடீரென்று கடும் வலியால் துடித்தால். விந்து நாளமும் இரத்தக்குழாய்களும் நரம்புகளும் சேர்ந்த விந்துக்கொடி முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கக்கூடும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் விந்தகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். விந்தகம் வயிற்றில் பிறந்து தன் நரம்புகளோடு இறங்கியதால் வலி தொப்புள் பக்கத்திலும் தோன்றும். வெட்கத்தால் பையன் வயிற்றுவலி, வாந்தி என்று மட்டுமே சொல்வான். ஆகையால் விதைப்பையையும் பார்க்காமல் அவனுக்கு வயிற்றுவலி மருந்து கொடுத்து அனுப்பக் கூடாது.

இளைஞர்களுக்கு வலியில்லாத கெட்டியான கட்டி விந்தகத்திலேயே தட்டுப்பட்டால் அதையும் சில நாட்களுக்குள் காட்ட வேண்டும். புற்றுநோய் என்று ஐயம் இருந்தால் அறுவை மருத்துவர் விதைப்பையைக் கீறாமல் தொடையிடுக்கு வழியாகவே விந்தகத்தை எடுப்பார். விந்தகத்தின் நிணநீர் அது பிறந்த இடத்துக்கே, வயிற்றுப் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்குப் போகிறது; விதைப்பைத் தோலின் நிணநீர் தொடையிடுக்குக் கணுக்களுக்குப் போகிறது. தோலைக் கீறினால் நோய்ச்செல்கள் பரவ இரண்டாவது வழி ஒன்று திறந்துவிடும்.